மறதியும் மறவாமையும்

(வையம்பட்டித் திருக்கோயில் திருக்குட நீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



வேள்விச் சாலையின் புகை இன்னும் முற்றும் அடங்கவில்லை. விமானத்தின்மீது சொரிந்த புனிதநீரின் ஈரமும் உலரவில்லை. மணப்பாறையைக் கடந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த இவ்வையம்பட்டிக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து, திருக்குட நீராட்டைக் கண்டு கண் குளிர்ந்து நிற்கின்றனர். இத்தகைய நன்னாளில் பேசுதற்குரிய உயர்ந்த பொருள்கள் எத்தனையோ உண்டு. அவற்றை விடுத்து மறதியைப்பற்றிப் பேசுவது தகுமோ என்று சிலர் ஐயுறலாம். தகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோயில் வாயிலைச் சென்று பார்த்தால் போதும். காலையில் செருப்பை எந்தப் பக்கம் கழற்றி விட்டோம் என்பது தெரியாமல் அங்கே திகைத்து நிற்கும் பெரியவர்கள் ஒருவர் இருவர் அல்லர்!

அப்பெரியவர்களுள் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். அகவை 75 என்று வைத்துக்கொள்வோர் வைத்துக்கொள்க. விடியற்காலையில் எழுந்தவுடன் அவர் செய்யும் முதல் தொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடுவது. தலையணையின் கீழ், சாளரத்தின் விளிம்பில், செய்தித்தாளின் மடிப்பில் எல்லாம் தேடுகிறார். வீட்டிலுள்ளோர் அனைவரையும் எழுப்பிவிடுகிறார். கடைசியில் பேரன், “தாத்தா! கண்ணாடி உங்கள் நெற்றியின்மேலேயே இருக்கிறதே!” என்கிறான். “அது எனக்குத் தெரியாதா? நீ கவனிக்கிறாயா என்று பார்த்தேன்” என்கிறார் பெரியவர். பேரன் சிரிக்கிறான், பெரியவரும் சிரிக்கிறார்.

மற்றொரு நாள் மணப்பாறைச் சந்தைக்குச் செல்கிறார். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்க வேண்டும். வழியில் பழைய நண்பர் ஒருவர் எதிர்ப்படுகிறார். மழையைப்பற்றிப் பேச்சு, மாட்டு விலையைப்பற்றிப் பேச்சு, மகனுக்குப் பெண் பார்ப்பதைப்பற்றிப் பேச்சு. மாலையில் ஒரு பொட்டலம் முறுக்குடன் வீடு திரும்புகிறார். “கயிறு எங்கே?” என்று மனைவி கேட்கிறாள். “கயிறு வாங்கத்தான் போகிறேன் என்று போகும்போதே நீ சொல்லியிருக்க வேண்டாமா?” என்று அவள்மேலேயே குற்றத்தைச் சுமத்திவிட்டு முறுக்கைக் கடிக்கிறார். பல் இல்லாமையும் அப்பொழுதுதான் நினைவுக்கு வருகிறது!

அம்மனைவி மட்டும் மறதிக்கு அப்பாற்பட்டவளா? குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்ற ஐயத்தில் இருமுறை போடுவாள். அல்லது போட்டுவிட்டோம் என்ற துணிவில் போடாமலே இறக்கிவிடுவாள். ஏதோ ஒன்றை மறவாதிருக்க வேண்டி முந்தானை நுனியில் முடிச்சிட்டுக்கொள்வாள். மாலையில் அம்முடிச்சைக் கண்டு, “இதை எதற்காக முடிந்தேன்?” என்று சிந்தித்தவாறு திண்ணையில் அமர்ந்திருப்பாள். கடைக்குட்டிப் பேரனைக் கூப்பிட வாயெடுத்தால், மூத்த மகன், இளைய மகன், மருமகன், மறைந்த தமையன் ஆகிய எல்லோர் பெயரும் வரிசையாக வரும். இடையே கொட்டிலில் நிற்கும் பசுவின் பெயரும் வரும். பேரன் பெயர் மட்டும் வாராது. அவனோ தன் பெயர் வரும்வரை காத்திராமல் ஓடி வந்து நிற்பான். கூப்பிடுவது தன்னைத்தான் என்பதை அக்குரலின் குழைவே அவனுக்கு அறிவித்துவிடுகிறது.

ஏகாதசிக்குத் திருவரங்கம் சென்றால் நெருக்கடியில் யாரோ ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு, “சௌக்கியமா?” என்பார். முகம் தெரிகிறது; பெயர் நாக்கின் நுனியிலே நின்றுகொண்டு இறங்க மறுக்கிறது. “வீட்டில் அனைவரும் நலமா? ஊர்ப்பக்கம் மழை உண்டா?” என்று எவருக்கும் பொருந்தும் வினாக்களை விடுத்துப் பெரியவர் தப்பித்துக்கொள்வார். நள்ளிரவில் அப்பெயர் தானே வந்து தலைமாட்டில் நிற்கும். உறங்கும் மனைவியை எழுப்பி அதனைச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி கண்ணயர்வார். பொழுது விடிந்தால் இருவருக்குமே அப்பெயர் மறந்திருக்கும்!

இவை இல்லந்தோறும் நிகழ்வன. இவற்றைக் கேட்டு நகைப்பதில் பிழையில்லை. ஆயின், நகையில் இரு வகை உண்டு. முதியவரோடு சேர்ந்து நகைப்பது ஒன்று. முதியவரைப் பார்த்து நகைப்பது மற்றொன்று. முன்னது அவர் மனச்சுமையை இறக்குகிறது. பின்னது அவரை அவையினின்றும் விலக்கி மூலையில் அமர்த்துகிறது. வாய் திறந்தால் பிழை நேரும் என்று அஞ்சி, வாய் திறவாமலே இருந்துவிடும் முதியவர்கள் பலர். சிலர் தம் தளர்ச்சியை மறைக்கச் சினத்தைத் துணைக்கொள்வர். தாமே வைத்த இடம் மறந்த பணத்தை, “யாரோ எடுத்துவிட்டார்கள்” என்பர். கேட்போருக்கு அது பழி. சொல்வோருக்கோ அது நடுக்கம். காலின்கீழ் நிலம் நழுவுகின்றபோது கையில் அகப்பட்டதைப் பற்றிக்கொள்வது போன்றதே அச்சினம்.

மறதி எல்லாம் ஒரே தன்மையதன்று. திருவள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்து மறதியைக் கடிந்தார். ஆனால் அவர் கடிந்த மறதி, களிப்பின் மிகுதியால் கடமையை நெகிழவிடும் செருக்கு மறதி. அது வலிமையுடையோர்க்கு வருவது. செய்ந்நன்றி அறிதலைப் பேசுமிடத்து அவர் மறதியைப் போற்றியும் இருக்கிறார். பிறர் செய்த தீமையை அன்றைக்கே மறந்துவிடச் சொல்கிறார். ஆகவே கடியத்தக்க மறதியும் உண்டு. கைக்கொள்ளத்தக்க மறதியும் உண்டு. முதுமையில் வரும் மறதியோ இவ்விரண்டினும் வேறானது. அது குற்றமும் அன்று, குணமும் அன்று. நரை போல, திரை போல, உடலுக்கு நேரும் ஒரு நிலை.

மருத்துவ நூலார் இதனை நன்கு ஆராய்ந்துள்ளனர். ஆண்டுகள் ஏற ஏற, மூளையில் உள்ள செய்தியை வெளிக்கொணரும் விரைவு குறைகிறது. செய்தி அழிந்துவிடவில்லை, பழைய பெட்டியின் அடியிற் கிடக்கும் பத்திரம் போல அதனைத் தேடியெடுக்கக் காலம் செல்கிறது. பெயர்களே முதலில் கைவிடுகின்றன. ஒருவர் தச்சர் என்றால் உளியும் மரமும் உடன் நினைவுக்கு வந்து துணை நிற்கும். அவருடைய பெயருக்கோ அத்தகைய துணை எதுவும் இல்லை. பிரெஞ்சு நாட்டு அறிஞர் தியோடூல் ரிபோ என்பார் 1881-ஆம் ஆண்டிலேயே, நினைவு தளரும்போது அண்மையில் நிகழ்ந்தவை முதலிலும் நெடுங்காலத்துக்கு முன் நிகழ்ந்தவை இறுதியிலும் நீங்குகின்றன என்று எழுதினார். காலையில் உண்ட பலகாரம் மறந்துபோக, 60 ஆண்டுக்கு முன் தின்ற திருவிழா மிட்டாயின் நிறம் மறவாதிருப்பதன் காரணம் இதுவே.

இஃது இயல்பான தளர்ச்சி. இதனினும் கொடியதொரு நோயும் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் அதனை விளக்கியுரைத்தார். அவர் பெயராலேயே அது வழங்கி வருகிறது. சாவியை வைத்த இடம் மறப்பது இயல்பு. சாவி எதற்குப் பயன்படுவது என்பதே மறப்பது நோய். நாள் மறந்து பின்னர் நினைவு கூர்வது இயல்பு. பல்லாண்டு நடந்து பழகிய தெருவிலே வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோய். 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்திய நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மிகுதியானோர், அஃதாவது ஏறக்குறைய 88 இலட்சம் பேர், இத்தகைய அறிவுத் தளர்ச்சிக்கு ஆட்பட்டிருக்கக்கூடும் என மதிப்பிட்டுள்ளது. ஆதலின் இஃது எங்கோ ஒரு வீட்டில் நிகழ்வதன்று.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். முதுமையில் நினைவு தடுமாறினால், “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று கைவிட்டுவிடலாகாது. தைராய்டுச் சுரப்பியின் குறைபாட்டாலும், பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவாலும், உறக்கமின்மையாலும், மனச்சோர்வாலும், உண்ணும் சில மருந்துகளாலும் நினைவு மங்குவது உண்டு. இவற்றுட் பலவற்றை மருத்துவரால் திருத்த இயலும். காது மந்தமானவர் கேளாததை, மறந்தார் என்று பழிப்பாரும் உளர். கேளாத சொல்லை எங்ஙனம் நினைவில் வைப்பது? திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்லும் அன்புடையோர், வேளையறிந்து மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வாராக. இரண்டும் அறமே.

இனி, இம்மறதி எழுப்பும் பேரச்சம் ஒன்று உண்டு. பெயர் மறப்பதும் கயிறு மறப்பதும் பெரிதல்ல. வாழ்நாளெல்லாம் வழிபட்ட தெய்வத்தையே மறந்துவிட்டால் என் செய்வது? உயிர் பிரியும் வேளையில் எதை நினைக்கிறானோ அதையே மனிதன் அடைகிறான் என்று பகவத்கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது. அப்படியாயின், எழுபது ஆண்டுகள் ஏகாதசி நோற்றவர், பிரதோஷம் தவறாதவர், இறுதி நாளில் இறைவன் பெயரையும் இழந்து கிடப்பாராயின், அவர் கதி யாது? நினைவோடு இறப்பவருக்குத்தான் வீடுபேறா? நினைவிழந்தோர்க்குக் கதவு அடைப்பா? முதுமையின் இருளிலே பல நெஞ்சங்களைச் சுடும் வினா இது. வெளியே சொல்வதில்லை, ஆனாலும் சுடுகிறது.

இவ்வினாவை முன்கூட்டியே அறிந்து விடை கண்டவர் பெரியாழ்வார். வில்லிபுத்தூரில் பூமாலை தொடுத்து வாழ்ந்த அப்பெருமகனார், தம் திருமொழியின் நான்காம் பத்தில் பத்தாம் பதிகத்தைத் திருவரங்கத்து எம்பெருமானை நோக்கிப் பாடினார். அப்பதிகத்தின் கருத்து வியப்புக்குரியது. இளைப்பும் நோயும் வந்து வருத்தும் இறுதி நாளில் தம்மால் அவனை நினைக்க முடியாது என்று அவர் ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறார். ஆழ்வாருக்கு இந்நிலையா என்று கேட்க வேண்டா. தம் ஆற்றலை நம்பிச் சூளுரைப்பவர் அல்லர் அவர். மனித உடலின் எல்லையை உணர்ந்தவர். ஆகவே, மனம் தெளிவாக உள்ள இன்றைக்கே, அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டதாக அரங்கனிடம் தெரிவித்துவிடுகிறார்.

வையம்பட்டி உழவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியில் வாழ்வோர், மழை பெய்யும் நாளிலேயே குளத்தில் நீரைத் தேக்கிக்கொள்கின்றனர். கோடையில் வானத்தை நோக்கிக் கூவிப் பயன் இல்லை என்பது அவர்க்குத் தெரியும். பெரியாழ்வார் செய்ததும் அதுவே. நினைவு என்னும் மழை பொழிந்த நாளில் அரங்கன் திருவுள்ளமாகிய குளத்தில் அதனைத் தேக்கி வைத்தார்.

தேக்கி வைத்தது வீண்போகுமா? போகாது என்பதற்கு உறுதிமொழி ஒன்று உண்டு. வைணவப் பெரியோர் வராக சரம சுலோகம் என்று போற்றும் அது, பூமிப் பிராட்டியாரிடம் வராகப் பெருமான் உரைத்ததாகும். உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் இருந்த காலத்தில் தன்னை நினைத்த அடியவன், இறுதியில் கட்டை போலும் கல் போலும் உணர்விழந்து கிடக்கும்போது, தானே அவனை நினைந்து உயர்ந்த கதிக்கு அழைத்துச் செல்வதாகப் பெருமான் கூறுகிறான். எத்துணை ஆறுதல்! மனிதன் நினைக்க மறந்தாலும் இறைவன் நினைக்க மறப்பதில்லை. கடன் கொடுத்தவன் மறந்துவிட்டான்; வாங்கியவனோ மறவாமல் வீடு தேடி வந்து வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறான்! உலக வழக்குக்கு நேர்மாறான வழக்கு இது.

காவிரியின் கரையிலே, திருவரங்கத்துக்கு மேற்கே, பாண்டிக்கொடுமுடி என்னும் சிவத்தலம் உண்டு. அங்கே சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய நமச்சிவாயத் திருப்பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. அதில் அவரும் இதே பொருளைத் தொடுகிறார். தாம் இறைவனை மறந்துபோனாலும் தம் நா தானாகவே திருவைந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்கிறார். பதினெட்டு ஆண்டே இவ்வுலகில் வாழ்ந்தார் என்று மரபு கூறும் அவ்விளம் செல்வர், முதியோர்க்கன்றோ இந்நம்பிக்கையை விட்டுச் சென்றார்! நெஞ்சு மறப்பினும் நா மறவாது என்பது கவிதையின் அழகு மட்டுமன்று; கண்கூடான உண்மையுமாகும். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்த மூதாட்டியர், விளக்கேற்றியவுடன் சிறு வயதிற் கற்ற திருப்பாட்டைத் தடையின்றிச் சொல்வதை இல்லத்தார் கண்டிருக்கின்றனர். நிகழ்ச்சிகளை நினைவிற் கொள்ளும் மூளைப் பகுதி வேறு. பழக்கத்தால் படிந்தவற்றைக் காக்கும் பகுதி வேறு. முன்னது சிதைந்த பின்னும் பின்னது நெடுங்காலம் நிலைத்திருக்கக்கூடும் என்று மருத்துவ நூலாரும் சொல்கின்றனர். ஆதலின், இளமையில் நாவுக்குப் பழக்கிய திருநாமம் முதுமைக்குக் கட்டிய சோற்று மூட்டை.

இவ்வளவும் இறைவன் பங்கு. மக்கள் பங்கு யாது? அதனை உணர்த்தும் வரலாறு ஒன்று திருவரங்கத்தில் உண்டு. கோயிலொழுகு என்னும் நூல் அதனைக் கூறுகிறது.

1323-ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தபோது, பிள்ளை உலகாசிரியர் முதலிய பெரியோர் உற்சவப் பெருமானாகிய அழகிய மணவாளனை எழுந்தருளச் செய்துகொண்டு தென்றிசை நோக்கிச் சென்றனர். பிள்ளை உலகாசிரியர் வழியிலேயே திருநாடு அலங்கரித்தார். பெருமான் ஊர் ஊராக எழுந்தருளித் திருமலையிலும் நெடுங்காலம் தங்கினார். 1371-ஆம் ஆண்டில் விசயநகரத் தளபதி கோபணாரியர் அப்பெருமானை மீண்டும் திருவரங்கத்துக்கு எழுந்தருளச் செய்தார். இடையே ஓடியவை 48 ஆண்டுகள்.

திரும்பி வந்த இடத்தில் புதியதொரு சிக்கல் எழுந்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளச் செய்து வழிபட்டு வந்திருந்தனர். இவருள் பழைய பெருமான் எவர்? சொல்வதற்கு ஆள் இல்லை. முன்பு கண்டு தொழுதவர் மறைந்துவிட்டனர்; இருந்தோர் இளையோர். ஊர் முழுவதற்கும் ஒருசேர மறதி வந்துவிட்டது போன்ற நிலை! அப்பொழுது முதுமையால் கண்பார்வை இழந்த ஒருவர் இருப்பது தெரிய வந்தது. அவர் பண்டிதர் அல்லர், அதிகாரி அல்லர். பெருமானுடைய திருப்பரிவட்டங்களை வெளுத்துக் கொடுத்த ஈரங்கொல்லி. பார்த்து அடையாளம் சொல்ல அவருக்குக் கண் இல்லை. இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடைத் தீர்த்தத்தைத் தமக்குத் தருமாறு கேட்டார். இரண்டையும் பருகினார். ஒன்றைப் பருகியபோது, இளமையில் நாள்தோறும் பெற்ற அந்தக் கத்தூரி மணம் நெஞ்சில் எழுந்தது. “இவரே நம்பெருமாள்!” என்றார். அன்று அம்முதியவர் வாயிற் பிறந்த பெயராலேயே திருவரங்கத்து உற்சவர் இன்றளவும் நம்பெருமாள் என்று வழங்கப்பெறுகிறார். மற்றைத் திருமேனியும் திருவரங்க மாளிகையார் என்னும் பெயரோடு போற்றப்படுகிறது.

இவ்வரலாற்றின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அம்முதியவருக்கு வேறு எத்தனையோ மறந்திருக்கலாம். அவரைத் திண்ணையில் ஒதுக்கி, “கண்ணில்லாக் கிழவருக்கு என்ன தெரியும்?” என்று ஊரார் கேளாதிருந்தால், திருவரங்கம் தன் பெருமானைக் கண்டும் காணாதிருந்திருக்கும். முதியவர் நெஞ்சம் வெறுங்கூடு அன்று. அதன் முகப்பு அறை இருண்டிருக்கலாம். உள்ளறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் வாராதது, ஒரு மணத்தால் வரும். ஒரு பாட்டால் வரும். பழகிய கையொன்று தொட்டால் வரும். கேட்கத் தெரிந்தவர் கேட்க வேண்டும்.

ஒரு வீட்டில் மூதாட்டி ஒருத்தி உள்ளாள் என்று கொள்க. நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் வாயிற்படியில் அமர்ந்து, “வயலுக்குப் போனவர் இன்னும் வரவில்லையே” என்கிறாள். கணவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆயின. வீட்டார் உண்மையைச் சொல்கின்றனர். அவளுக்கோ அது புதுச் செய்தி. மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள். மறுநாள் அதையும் மறந்து மீண்டும் கேட்கிறாள், மீண்டும் சொல்கின்றனர், மீண்டும் அழுகிறாள். ஒருமுறை அழுது தீர்த்த துயரை நாள்தோறும் அவள் தலையில் ஏற்றுவது உண்மையுரைத்தலாகுமா? ஒரு நாள் மகள் அருகில் அமர்ந்து, “அம்மா, அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?” என்று கேட்கிறாள். மூதாட்டியின் முகம் மலர்கிறது. குழம்பைச் சொல்கிறாள்; அதனை முதன்முதல் வைத்துக் கரித்துப்போன நாளைச் சொல்கிறாள்; அவர் கரிந்ததையும் குறை சொல்லாமல் உண்டதைச் சொல்கிறாள். வாயிற்படியில் இருள் சூழ்வதை அவள் கவனிக்கவே இல்லை. பொய்யும் சொல்லவில்லை, புண்ணும் படவில்லை. அன்பு கற்பித்த வழி அது.

திருச்சிராப்பள்ளி மலைமேல் உறையும் பெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர். பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வரவேண்டிய தாய், காவிரியின் வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவன் தானே தாயாகி வந்து இரத்தினாவதிக்குத் தொண்டு செய்தான் என்பது தலபுராணம். இன்று வேறொரு வெள்ளம் பெருகுகிறது. மறதியென்னும் அவ்வெள்ளத்தில் தாய் அக்கரையில் நின்றுவிடுகிறாள். இக்கரையில் உள்ள மகளை அடையாளம் காண அவளால் இயலவில்லை. அப்போது மகள் தாயாக வேண்டும். மகன் தாயாக வேண்டும். மருமகளும் பேரனும் தாயாக வேண்டும். ஊட்டவும் உடுத்தவும் ஒரே வினாவுக்கு நூறு முறை விடை சொல்லவும் வேண்டும். குழந்தைப் பருவத்தில், “அது என்ன?” என்று நூறு முறை கேட்ட வாய்க்கு நூறு முறையும் முகம் சுளிக்காமல் விடை சொன்னவள் அத்தாய் அன்றோ? இது கைம்மாறு கூட அன்று. பழைய கணக்கில் ஒரு சிறு தவணை. இத்தொண்டில் ஒருவரே நைந்து போகாதபடி வீட்டார் அனைவரும் முறை வைத்துக்கொள்வதும் கடமையாகும். தாயாக நிற்பவருக்கும் உறக்கம் வேண்டும், ஆறுதல் வேண்டும்.

இனி இந்நாளின் சிறப்புக்குத் திரும்பலாம். திருப்பணி தொடங்கும்போது நிகழ்ந்தது யாது? மூலத் திருமேனியின் கலைகளைக் கும்பத்தில் ஏற்றிப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்தனர். திருப்பணி முடியுமளவும் வழிபாடு அங்கே தடையின்றி நிகழ்ந்தது. பின்னர் கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துக் குழைத்த அட்டபந்தன மருந்தினால் திருமேனியைப் பீடத்தோடு பிணைத்தனர். கும்பத்திலிருந்த ஆற்றலை மீண்டும் திருமேனியில் சேர்த்தனர். இம்மருந்தும் என்றும் நிற்பதன்று. பன்னீராண்டில் தளரும் என்பதனாலேயே பன்னீராண்டுக்கு ஒருமுறை திருக்குட நீராட்டு வேண்டும் என்று ஆகமவழி வகுத்தனர். கல்லுக்கே பிணைப்புத் தளருமாயின், எழுபது எண்பது ஆண்டு உழைத்த மூளைக்குத் தளராதிருக்குமோ? கல்லின் தளர்ச்சியைக் கண்டு எவரும் கோயிலை இகழ்வதில்லை. கூடி நின்று திருப்பணி செய்கின்றனர். முதியவர் தளர்ச்சிக்கும் செய்யத்தக்கது அதுவே.

ஒவ்வோர் இல்லமும் ஒரு பாலாலயமாக வேண்டும். ஊரின் பழைய கிணற்றை வெட்டியது எந்தப் பஞ்சத்தில், தேர் திரும்பும் தெருமுனையில் முன்பு நின்றது என்ன மரம், முந்தைய திருக்குட நீராட்டில் முதற்குடம் சுமந்தவர் யார் என்பனவெல்லாம் இவ்வூர்ப் பெரியவர்கள் நெஞ்சில் உள்ளன. பந்தனம் முற்றும் தளர்வதற்கு முன்னரே அவற்றைக் கேட்டுக் கும்பத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இளைஞர் செவியே அக்கும்பம். அவர்தம் ஏடும், கையிலுள்ள செல்பேசியும் கூட அக்கும்பமே. பின்னொரு நாள் அப்பெரியவர் தம் கதையைத் தாமே மறந்துவிட்டால், பேரன் அருகமர்ந்து அக்கதையை அவருக்கே சொல்லலாம். “அடடா, யார் அந்தக் கெட்டிக்காரர்?” என்று அவர் வியந்து கேட்டால், “நீங்கள்தாம், தாத்தா” என்று விடை கூறலாம். கும்பத்து நீர் மீண்டும் திருமேனியைச் சேரும் கணம் அதுவன்றோ!

நினைவும் அறிவும் அவற்றின் நீக்கமும் தன்னிடமிருந்தே வருகின்றன என்று கீதையில் கண்ணபிரான் உரைக்கிறான். கொடுப்பவன் அவன், எடுப்பவனும் அவன். எடுத்துக்கொண்டதை அவன் இழந்துவிடுவதில்லை. தன்னிடம் வைத்துக் காக்கிறான். இடையே, எடுபட்டவரைக் கைவிடாது காக்கும் பொறுப்பை மட்டும் மக்களிடம் ஒப்படைத்திருக்கிறான்.

அன்பர்களே! அன்னம்பாலிப்புக்கு இலை போடும் நேரம் நெருங்குகிறது. செல்வதற்கு முன் அனைவரும் ஒருமுறை கோயில் வாயிலுக்குச் செல்லுங்கள். செருப்பைத் தேடி இன்னும் அங்கே பெரியவர் எவரேனும் நின்றுகொண்டிருப்பார். அவரைப் பார்த்து நகையாதீர்கள். அவர் நகைத்தால் உடன் நகையுங்கள். அச்செருப்பைத் தேடியெடுத்து அவர் காலடியில் வையுங்கள். அண்ணன் பாதுகையைத் தலைமேல் தாங்கினான் பரதன். பெரியவர் செருப்பைக் கையில் எடுப்பதால் எவர்க்கும் குறைவு வந்துவிடாது. பிறகு அவர் கையைப் பற்றி, எந்தத் தெரு என்று கேட்டு, இல்லம்வரை கொண்டுபோய் விட்டு வாருங்கள். இன்றைய திருக்குட நீராட்டின் பயன் அப்பொழுது முற்றுப்பெறும்.

திருவருள் சிறக்க! வையம் வாழ்க!